ஊர் பேசாமல் வைத்திருக்கும் துயரத்தைக் கதையாகச் சொல்ல வைக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுனாமி வந்தபோது அவருக்கு ஆறு வயது. அதில் அண்ணனை இழந்தார். இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் வீட்டிலோ ஊரிலோ அந்தக் காலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொந்தக் கதைகளைச் சொல்வதன் மூலமும் கவிதை எழுதுவதன் மூலமும் அடிபட்ட ஊர்கள் தேறி, முன்னைவிட உறுதியாகின்றன என்று அவர் படித்திருக்கிறார். தம் குப்பத்தில் மாதம் ஒருமுறை கதை வட்டம் ஒன்றை நடத்தலாமா, அதில் தம் அம்மாவைப் பேச வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. மேலாகப் பார்த்தால், கதைக்கும் கவிதைக்கும் ஆற்றும் குணம் உண்டா என்று கேட்பதாகத்தான் தோன்றும். ஆனால் 'அம்மா தாங்குவாரா என்று பயமாக இருக்கிறது' என்ற கடைசி வரியைப் படித்தபோது, அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் பட்டது. மேலே தோல் மூடிவிட்ட புண்ணைத் தொட எனக்கு உரிமை உண்டா, தொட்டால் என்ன ஆகும் என்றுதான் அவர் கேட்கிறார். அதற்கே அதிகம் பதில் சொல்லப் போகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளன். 2005 முதல் கடலூர் மாவட்டக் கடற்கரையிலும், 2011இல் வந்த 'தானே' புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிராமங்களிலும் வேலை செய்திருக்கிறேன். மருத்துவன் அல்லேன், நோய்க்குப் பெயர் சூட்டவோ மருந்து எழுதவோ எனக்குத் தகுதி இல்லை. என் அனுபவம் பெரும்பாலும் பெண்களோடும் பிள்ளைகளோடும் பெற்றது. ஆண்களைப் பேச வைப்பதில் நான் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குவது நேர்மையாக இருக்கும். சுனாமிக்குப் பின் வந்த மாதங்களில் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு நாள்தோறும் ஏதாவது ஒரு குழு வரும். ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளை உட்கார வைத்து, தாளும் வண்ணக் குச்சியும் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லும். வரைந்ததைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும். அவற்றுள் ஒரு குழுவில் நானும் இருந்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பனைமர உயரத்துக்கு அலையை வரைந்து, அதனடியில் தலைகீழாக ஒரு படகை வரைந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்திக் கதையைச் சொல்லி முடித்தான். எங்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, அந்த வாரத்தில் அவன் அதே படத்தை மூன்றாம் முறையாக வரைகிறான் என்று. அவனுக்கு அது ஆறுதலாக இல்லை, வேலையாகிவிட்டிருந்தது. அதே நாளில் ஒரு பெண்மணியை, குழந்தை கை நழுவிய நொடி வரை சொல்ல வைத்துவிட்டு, மாலை வண்டி புறப்படும் நேரமாயிற்று என்று நாங்கள் எழுந்து வந்தோம். அவரை மறுபடி பார்க்க நான் போகவில்லை. அந்த இரவை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

அது வெறும் மனச்சாட்சி விவகாரம் அன்று. அதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து, கண்டது, கேட்டது, உணர்ந்தது அனைத்தையும் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறை 1980களிலும் 1990களிலும் உலகெங்கும் பரவியிருந்தது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இம்முறை பிற்பாடு வரும் மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று காட்டியது. அதில் சேர்க்கப்பட்ட ஓர் ஆய்வில், ஓராண்டு கடந்து பார்த்தபோது, பேச வைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் நடந்ததைச் சொல்லும்படி எவரையும் நெருக்கக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது. ஆகவே இந்த ஒரு செய்தியை நான் தயக்கமின்றிச் சொல்வேன்: சொல்ல விரும்பாதவரைச் சொல்ல வைப்பது, அதுவும் ஒரே முறை சொல்ல வைத்துவிட்டுப் போவது, நன்மை தராது, தீங்கும் தரலாம்.

எழுதுவதைப் பற்றிய ஆய்வுகள் சற்று நம்பிக்கை அளிப்பவை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் மிகப் பெரிய துயரத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் மேலும் சோர்ந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், சாதாரணச் செய்திகளைப் பற்றி எழுதிய மாணவர்களைவிட அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைவாக இருந்தது. இந்தப் பின்பாதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். முன்பாதியையும் நீங்கள் மறக்கக் கூடாது. மேலும், 2006இல் ஜோவன் ஃபிராட்டரோலி என்ற ஆய்வாளர் இத்தகைய 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சராசரிப் பயன் உண்டு, ஆனால் மிகச் சிறிது என்றே தெரிந்தது. எழுத்து சிலருக்கு உதவுகிறது, பலருக்கு ஒன்றும் செய்வதில்லை என்று எடுத்துக்கொள்வதே சரி.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆய்வு உண்டு. சுனாமி வந்து சில வாரங்களுக்குள் இலங்கையின் வடகிழக்கில் முகாமில் இருந்த 31 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு, 2009இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சலர்கள்) பாதிப் பிள்ளைகளோடு ஆறு அமர்வுகளில் அவர்களுடைய வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகக் கோத்தார்கள். மறுபாதிப் பிள்ளைகளுக்கு அதே ஆறு அமர்வுகளில் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் தந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கதை சொன்னதால் மட்டும் தேறினார்கள் என்றால் மற்றப் பிள்ளைகள் எப்படித் தேறினார்கள்? நான் ஊகிப்பது இது: ஒரே மனிதர், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஆறு முறையும் வந்தார். இரு சாராருக்கும் பொதுவாகக் கிடைத்தது அது. இதை நிறுவ என்னிடம் எண்கள் இல்லை. இருபது ஆண்டுப் பழக்கம் மட்டுமே இருக்கிறது.

இனி, உங்கள் ஊர் பேசவில்லை என்று நீங்கள் சொல்வதைப் பற்றி. நம் பெண்களிடம் துயரத்தைச் சொல்ல ஒரு வடிவம் முன்பே இருக்கிறது. அதற்கு ஒப்பாரி என்று பெயர். மனநலப் படிப்பில் எனக்கு அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. ஒப்பாரியில் முதலடிகள் பெரும்பாலும் ஊருக்குப் பொதுவானவை. பொன், தேர், வாழை, மாளிகை என்று உவமைகளும் பழகியவை. பொதுவான அந்த அடிகளுக்கு நடுவில்தான் பாடுகிறவர் தம் சொந்தச் செய்தியைச் செருகுகிறார்: வாங்கிவைத்துப் போடாத சட்டை, திருப்பிக் கொடுக்காத கடன், கடைசியாகக் கேட்ட சோறு. தன் வாயால் தன் துயரை முழுக்கத் தானே கட்டிச் சொல்ல வேண்டிய பாரம் அவருக்கு இல்லை. பாதியை ஊரே கட்டி வைத்திருக்கிறது. தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்திருக்கும் மற்றப் பெண்கள் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒரு கிழவி 'போதும் எழுந்திரு, தண்ணியக் குடி' என்பார். வெறுந்தாளைக் கொடுத்து 'உன் மனத்தில் உள்ளதை எழுது' என்று சொல்வதைவிட இது எவ்வளவு பாதுகாப்பானது என்று பாருங்கள்.

சுனாமியில் நேர்ந்த கொடுமைகளுள் இதுவும் ஒன்று: கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இந்தக் கடற்கரையில் பலரை ஒரே குழியில் அவசரமாக அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. எல்லா வீடும் சாவு வீடாக இருந்த நாளில் யார் யாருக்கு அடி எடுத்துக் கொடுப்பது? பல வீடுகளில் ஒப்பாரியே வைக்கப்படவில்லை. உங்கள் ஊர் வாய் மூடியிருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நிவாரணத்தில் நடந்த பூசல் ஒரு காரணமாக இருப்பதை நான் சில ஊர்களில் கண்டிருக்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பதெல்லாம் நோய் அன்று. தினமும் கடலுக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்றிருக்கும் ஊர், கடல் செய்ததை ஓயாமல் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்த மௌனத்தை உடைக்க வேண்டிய சுவராகப் பார்க்காமல், அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலியாகவும் பார்க்கப் பழகுங்கள்.

வேலியைத் தாண்டாமலே உள்ளே இருப்பதைக் கேட்க முடியும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பெண்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் சாய்ந்தன. சில வாரங்கள் கழித்து, முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்கள் பதினைந்து பேரோடு உட்கார்ந்தேன். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்த கைகள். 'மனசு எப்படி இருக்கிறது' என்று கேட்டபோது 'நல்லாத்தான் இருக்கு' என்றார்கள். வேறு வழி தெரியாமல், விழுந்ததில் உங்களுக்கு மிகவும் தெரிந்த மரம் எது என்று கேட்டேன். அவ்வளவுதான், இரண்டு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. ஒருவர் மாமியார் வைத்த மரத்தைச் சொன்னார். ஒருவர் எந்தக் கிளையில் தூளி கட்டினார் என்று சொன்னார். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, விளையாட்டாகத் தொடங்கி, விழுந்த பலா மரத்துக்கு ஒப்பாரி வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது அடியில் மரம் போய், எப்போதோ இறந்த அவருடைய மகள் வந்துவிட்டாள். சிரிப்பு நின்றது, பக்கத்தில் இருந்தவர் அடி எடுத்துக் கொடுத்தார். நான்காம் முறை நான் போனபோது அவர்கள் மரங்களைப் பற்றிப் பேசவில்லை. நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயர்களைக் கணக்கெடுத்துக் கூட்டமாக மனுக் கொடுக்கப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதை சமூகத்தை வலுப்படுத்துகிறது என்று சொல்லும்போது என் கண்முன் வருவது அந்தக் காட்சி. மனுவுக்குக் காரணம் ஒப்பாரிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெறும் பசியும் கோபமுமே போதுமான காரணங்கள்.

கவிதைக்கும் இதே வழியைத்தான் பரிந்துரைப்பேன். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் உலுக்கியபோது பாரதியார் இவ்வூரில்தான் இருந்தார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதிய பாட்டில் தம் அச்சத்தை விவரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அமைத்தார். புயலுக்குப் பின் எழுதிய இன்னொரு பாட்டு, அழியாமல் மிஞ்சிய ஓர் ஏழையின் சிறு தென்னந்தோப்பைப் பற்றியது. உங்கள் வட்டத்தில் 'என்ன போயிற்று' என்று தொடங்காமல் 'என்ன மிஞ்சியது' என்று தொடங்கிப் பாருங்கள். மிஞ்சியதைச் சொல்லும்போது போனது தானாக வரும்; வர வேண்டிய அளவுக்கே வரும்.

நடைமுறையில் சிலவற்றைச் சொல்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் தொடங்கினால் இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது. டிசம்பர் 26ஐத் தவிர்த்துவிடுங்கள். அன்று கடலில் பாலும் பூவும் விடும் இடத்தில் கேமராக்களும் வந்து நிற்கும், கேமரா முன்னால் பேசுவது வேறு வகைப் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆண்கள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச மறுக்கும் ஆண், கண்ணை வலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எதையும் பதிவு செய்யாதீர்கள். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஒருமுறை சொன்ன சம்மதத்தை அடுத்த முறையும் கேளுங்கள், ஏனெனில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் மனிதர்களுக்கு வருத்தம் வருகிறது. பிள்ளைகள் கலந்துகொண்டால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்' என்று நீங்கள் கொடுக்கும் வாக்குக்கு அந்த எல்லை உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

'ஊர்' என்ற சொல்லையும் சற்று யோசிக்கச் சொல்வேன். கூட்டம் கோயில் வாசலில் நடந்தால் காலனியிலிருந்து யார் வருவார்கள்? கிள்ளைப் பக்கம் கழிமுகத்தில் மீன் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதே அலையில் அடிபட்டவைதான். சுனாமிக் கதை என்று சொன்னால் அவர்கள் கதை நம்மில் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது? ஒரு சாராரின் துயரம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இடத்தில், கதை சொல்லலே ஒரு பழைய வேலியை மறுபடி நட்டுவிடும். இதற்கு என்னிடம் எளிய தீர்வு இல்லை. நான் பள்ளிக்கூட வளாகத்தைத் தேர்ந்தெடுப்பேன். அதுவும் பாதிதான் பலித்திருக்கிறது.

யாரை வட்டத்துக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் அந்தக் காட்சி இப்போதுதான் நடப்பதுபோல் திரும்ப வந்து உலுக்குகிறவர், குடியில் மூழ்கியிருப்பவர், வாழ்ந்து என்ன என்று பேசுகிறவர், ஆண்டுகள் கழிந்தும் அன்றாட வேலையைக்கூடச் செய்ய முடியாதபடி துக்கம் அழுத்துகிறவர் ஆகியோருக்குக் கதை வட்டம் போதாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். கூட அழைத்துப் போக ஒருவர் தயாராக இருந்தால்தான் இந்தத் தகவலுக்குப் பயன் உண்டு.

கடைசியாக உங்கள் அம்மா. வட்டத்தில் அவரைப் பேச அழைக்காதீர்கள். வந்தால் வரட்டும், காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரட்டும். இந்தப் பக்கத்துக் கருமாதி இரவுகளில் கர்ணமோட்சம் கூத்து வைப்பது வழக்கம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெற்ற மகனை மகன் என்று உலகத்திடம் சொல்லாமல் வைத்திருந்த குந்தி, அவன் சாய்ந்த பிறகு களத்துக்கு ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு புலம்பும் இடத்தில், முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார்கள். அவர்கள் அழுவது கர்ணனுக்காக மட்டும் அன்று. சாவு வீட்டிலும் அப்படித்தான். வேறொருவர் பிணத்தருகே உட்கார்ந்து தன் வீட்டுப் பிணத்துக்கு அழுதுவிட்டு வருவது நம் பெண்கள் நன்கு அறிந்த வழி. உங்கள் அம்மா இருபது ஆண்டுகளாகப் பேசவில்லை என்கிறீர்கள். அடுத்த முறை உங்கள் தெருவில் துக்கம் நேர்ந்து அவர் ஒப்பாரிக்கு உட்காரும்போது, ஆண்கள் நிற்கும் பந்தலடியிலோ தெருமுனையிலோ நில்லாமல், காது கேட்கும் தூரத்தில் நின்று பாருங்கள். உங்கள் அண்ணன் பெயர் அதில் வரக்கூடும். வந்தால், கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம். அன்று இரவு அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அண்ணனுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று மட்டும் கேளுங்கள்.